பின்கண்ணாடி சுவிட்சில் நல்ல நேரம்

எங்கள் கடையில் கார்களுக்கு நல்ல நேரம் பொருத்தித் தருகிறோம். ஹாரன் மாற்றுவது, ரிவர்ஸ் கேமரா மாட்டுவது, பேச்சு மூச்சில்லாத ஸ்பீக்கரைப் பாட வைப்பது என்று மற்ற வேலைகளும் உண்டு. ஆனால் உடுமலையில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் நல்ல நேரத்துக்காகத்தான் வருகிறார்கள். விலை கூடிய மாடல்களில் கம்பெனியே அதைப் போட்டுத் தந்துவிடுகிறது. கீழ் மாடல் வாங்கினவர்களுக்கு டேஷ்போர்டில் அந்த இடத்தில் ஒரு கறுப்பு மூடி மட்டும் இருக்கும். அந்த மூடியைப் பார்த்துக்கொண்டே எத்தனை காலம் வண்டி ஓட்டுவது? ஒரு நாள் என்னிடம் வந்துவிடுவார்கள்.

நல்ல நேரம் டிபன் பாக்ஸ் அளவு டப்பாவில் வரும். கோயம்புத்தூரில் மொத்தமாக எடுப்பேன். சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். அவற்றை இடம் மாற்றிக் கொடுத்தால் ராகு காலம் வந்துவிடும். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துக்கொண்டு, எதிர்க்கடை வாசலில் வண்டியை நிறுத்தி வைக்கிறார். அவருக்கு நான் வணக்கம் வைப்பதில்லை.

இந்த வேலையில் ரிலே முக்கியம். நல்ல நேரம் கரண்டை நிறைய இழுக்கும். கம்பெனி சுவிட்ச் அதை நேராகத் தாங்காது, இளகிப்போகும். அதனால் சுவிட்ச் உத்தரவு மட்டும் போடும், பாரத்தை ரிலே தூக்கும். பெரிய வீடுகளில் நடப்பதும் இதுதான் என்பதால் வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, லைனை எங்கிருந்து எடுப்பது என்பது. சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் கொடுப்பதே என் பழக்கம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பிடிவாதமாக பேட்டரியிலிருந்து நேராகக் கேட்டார். கொடுத்தேன். அணைக்க மறந்து தூங்கிவிட்டார். விடிய விடிய அவர் வீட்டு போர்ட்டிகோவில் நல்ல நேரம் ஓடியிருக்கிறது. காலையில் வண்டி கிளம்பவில்லை. ஆனால் அங்கே நின்ற பழைய சைக்கிளுக்குப் புது மணி முளைத்திருந்தது. வாட்ச்மேனுக்குப் பேரன் பிறந்திருந்தான். ஜவுளிக்கடைக்காரர் பேட்டரிக்காக என்னோடு சண்டைக்கு வந்தார், வாட்ச்மேன் லட்டோடு வந்தார்.

எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான். கம்பெனி சுவிட்சிலேயே வர வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே தனியாகத் தொங்குகிற, நீல வெளிச்சம் அடிக்கிற மலிவு சுவிட்ச் ஆகாது. அதைத் தட்டி வருகிற நல்ல நேரம் இரவல் வாங்கினது போலத்தான். கம்பெனி சுவிட்சைத் தட்டி வந்தால் அது வண்டியோடு பிறந்தது. பார்க்கிறவர்கள் மதிப்பார்கள். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட்டையும் தொங்குகிற சுவிட்சையும் கண்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் தங்கை தாரணிக்கும் அப்படியே. கடையில் வயர் நுனி சீவுவதும், ரிலே மாட்டுவதும் அவள்தான். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்குப் பூபதி என்கிற முட்டை வியாபாரியைப் பிடித்துவிட்டது. அவன் தன் சின்னக் காரின் பின்சீட்டை மடக்கி, முட்டைத் தட்டுகளை அடுக்கி, வாரத்தில் பாதி நாள் வால்பாறைக்கு ஏறுவான். மலைப்பாதைக்குப் பனி விளக்கு போட்டுக்கொள்ள எங்கள் கடைக்கு வந்தவன், அது பொருத்தி முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஒரு முட்டைகூட உடையாமல் பிரேக் போடுகிறவன் பெண்ணையும் பத்திரமாக வைத்துக்கொள்வான் என்று தோன்றியது.

தடை ஒன்றே ஒன்று. இரண்டு ஜாதகத்துக்கும் பொதுவாக ஒரு முகூர்த்தம் இல்லை. இந்த வருஷப் பஞ்சாங்கத்தில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. ஜோசியர் இன்னும் அச்சாகாத பஞ்சாங்கங்களையும் வரவழைத்துப் பார்த்துவிட்டு, தாரணிக்குத் தலை நரைக்கும் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தெரிகிறது என்றார்.

பூபதியை வளர்த்தது அவன் அத்தை மயிலாத்தாள். அவர் சொன்னால் சொன்னதுதான். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, உன்ற தங்கச்சி தங்கமான புள்ளதான். நானொண்ணும் கொறை சொல்லுல. ஆனா நேரமில்லாம எப்படிக் கட்டறது? காங்கேயத்துல ஒரு புள்ள இருக்குது. அந்தப் புள்ள ஜாதகத்துல முகூர்த்தம் கொட்டிக் கெடக்குது."

"நேரம் நான் கொண்டாறனுங்க அத்தை. மாப்பிள்ளை வண்டியிலயே போட்டர்றேன்."

"சாவி லைனா, நேர் லைனா?"

"சாவி லைனுங்க."

"தொங்கற சுவிட்சு ஆகாது. கம்பெனி சுவிட்சுல வந்தா கல்யாணம். இல்லீன்னா காங்கேயம்."

அன்றைக்கே பூபதியின் வண்டியைக் கடைக்குள் ஏற்றினேன். அவனுடைய டேஷ்போர்டில் எங்களுக்கு உதவுகிற கம்பெனி சுவிட்சுகள் இரண்டுதான் இருந்தன. ஒன்று பனி விளக்குடையது. விளக்குதான் நாங்கள் போட்டது, சுவிட்ச் வண்டியோடு வந்தது. அதைத் தொடக் கூடாது என்று பூபதி கையெடுத்துக் கும்பிட்டான். அட்டகட்டிக்கு மேலே மூடுபனியில், மூக்குக்கு முன்னால் நின்ற காட்டுமாட்டை அந்த விளக்குதான் காட்டிக்கொடுத்ததாம். மாடும் இவனும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, முட்டைகள் சேதமில்லாமல் பிரிந்தார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் அந்தச் சுவிட்சைத் தடவுவான்.

மற்றது பின்கண்ணாடியில் படிகிற பனியை நீக்குவதற்கான சுவிட்ச். கண்ணாடிக்குள் ஓடுகிற மெல்லிய கம்பிகளைச் சூடாக்கும். உடுமலையில் யார் பின்கண்ணாடியிலும் பனி படிந்ததில்லை. வெயில் படியும், தூசி படியும், மார்கழியில் கொஞ்சம் ஈரம் படிந்தால் துணியால் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சுவிட்சை எங்கள் ஊரில் ஒருவரும் வேலைக்காக அமுக்கியதில்லை. முட்டைத் தட்டுகள் பின்கண்ணாடியை மறைத்துவிடுவதால் மலையேறுகிற பூபதிக்கும் அது தேவைப்பட்டதில்லை. சும்மா கிடக்கிற சுவிட்ச், இதைவிட வேறென்ன வேண்டும் என்று நானும் தாரணியும் கண்ணாடிக் கம்பியின் லைனைக் கழற்றிவிட்டு அங்கே ரிலே கொடுத்தோம். டப்பாவை டேஷ்போர்டின் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒளித்தோம். கறுப்பு வயரை பாடியில் சுத்தமாகச் சுரண்டிய இடத்தில் எர்த் கொடுத்தோம். சுவிட்சைத் தட்டியதும் அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு விளக்கு எரிந்தது. சுவரில் இருந்த பல்லி நல்ல பக்கமாக நகர்ந்து நின்று சொன்னது. உடனே அணைத்துவிட்டோம். நல்ல நேரத்தை வெறுமனே ஓட விடுவது எங்கள் கடையில் வழக்கமில்லை.

கல்யாணம் மண்டபத்துக்கு உள்ளே நடக்கவில்லை. டப்பாவின் நல்ல நேரம் காரின் கதவுகளைத் தாண்டிக் கொஞ்சம்தான் கசியும், ஒரு முகூர்த்தத்துக்கு அது பத்தாது. அதனால் மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டு, வாசலைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. பின்சீட்டில் தாரணியும் பூபதியும். முன்சீட்டில் மயிலாத்தாள் அத்தை. ஓட்டுநர் இருக்கையில் பட்டு வேட்டியோடு நான். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் பின்கதவு ஜன்னல் வழியே இடுப்பு வரை உள்ளே வந்திருந்தார். மேளக்காரர்கள் பானெட் பக்கம் நின்றார்கள். ஒறம்பரைச் சொந்தபந்தமெல்லாம் வண்டியைச் சுற்றி நாற்காலி போட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாவியைத் திருகி சுவிட்சைத் தட்டினேன். ஆரஞ்சுப் பொட்டு எரிந்தது. அருமைக்காரர் உடைத்த தேங்காய் கத்தியால் வகுந்த மாதிரி சரிபாதியாகப் பிளந்தது. அத்தையின் இடது முழங்கால் பல வருஷமாக மடங்காது. நீட்டியபடிதான் உட்காருவார், நீட்டியபடிதான் திட்டுவார். அது தானாக மடங்கி, அவர் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"நல்ல சரக்குத்தான் போட்டிருக்கறே தம்பி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சீர்கள் ஒவ்வொன்றாக நடந்தன. ஒன்றையும் குறைக்க அத்தை சம்மதிக்கவில்லை. ஒருவழியாகப் பூபதி தாலியை எடுத்து, தாரணியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், பின்னங்கழுத்தில் முதல் முடிச்சைப் போட்டான். மேளம் உச்சத்துக்குப் போனது. அந்தச் சத்தத்துக்குள்ளும் ரிலே 'டக்' என்று விழுந்தது எனக்குக் கேட்டது. ஆரஞ்சுப் பொட்டு அணைந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை.

பின்கண்ணாடி சுவிட்ச் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும்படிதான் கம்பெனியில் செய்திருக்கிறார்கள். பனி விலகியதும் வீணாக எரிய வேண்டாம் என்று அவர்கள் நினைப்பு. அதை யாராவது ஒரு முறையாவது முழுதாக எரியவிட்டிருந்தால் எங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

"கையை எடுத்துறாதீங்க மாப்பிள்ளை!" என்றார் அருமைக்காரர். "கை எடுக்காத வரைக்கும் முடிச்சு முடியுல. முடிச்சு முடியற வரைக்கும் முகூர்த்தம் நிக்கும்."

பூபதி நூலைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். நான் சுவிட்சை மறுபடியும் தட்டினேன். பொட்டு எரிந்தது. அத்தை என் கையைத் தட்டிவிட்டு அதை அணைத்தார்.

"தானா அணையற நேரத்துல கட்டுனா, கட்டுனதும் தானா அணையும். வேண்டாம்."

சரியாகத்தான் சொன்னார். அவருடைய இடது கால் மெல்ல நீள ஆரம்பித்திருந்தது. டப்பாவிலிருந்து ஏற்கனவே வந்த நல்ல நேரம் வண்டிக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கால் முழுக்க நீண்டால் அதுவும் தீர்ந்தது என்று அர்த்தம். வெளியே கூட்டத்தில் யாரோ காங்கேயம் என்று சொல்வது கேட்டது. என் ஒரே தங்கை முதல் முடிச்சோடு நடுவழியில் நிற்கிறாள், நிறுத்தியது என் வயரிங். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

தாரணி அழவில்லை. இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே குனிந்து தலையை நீட்டி டேஷ்போர்டைப் பார்த்தாள். அவள் பின்னங்கழுத்தோடு பூபதியின் கைகளும் வந்தன.

"அண்ணா, பனி விளக்கு சுவிட்சு. அது தானா அணையாது. நாம அணைச்சாத்தான் அணையும்."

நான் பூபதியைப் பார்த்தேன். அவனுடைய முகம் ஒரு கணம் மூடுபனிக்குள் நின்றது. அத்தையின் கால் இன்னும் கொஞ்சம் நீண்டது.

"எடுத்துக்குங்க மச்சான்" என்றான். "மலைக்கு ஏற முடியாதுதான். முட்டைய இங்கயே கூவி வித்துக்கறேன்."

அந்த நிமிஷம் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்ததால் விட்டுவிட்டேன்.

டேஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டேன். தாரணி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயரை நான் தேடுவதற்குள் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். மருதாணிக் கையால் இழுத்து, பல்லால் நுனி சீவிக் கொடுத்தாள். அவள் இடப்பக்கம் சாய்ந்தால் பூபதியும் சாய்ந்தான், அவள் கீழே குனிந்தால் அவனும் சீட்டின் மேல் வயிற்றை வைத்துக் குனிந்தான். ஒரு தடவைகூட நூலை விடவில்லை. அருமைக்காரர் ஜன்னலில் இருந்தபடியே அட்சதைத் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். மேளக்காரர்கள் இழுத்து இழுத்து வாசித்தார்கள்.

"விளக்கக் கழட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்குண்ணா கழட்டறது? அதோடயே சேர்த்துரு. அவருக்கு மலையேறணுமில்ல."

சேர்த்தேன். ரிலேயை மாற்றிக் கொடுத்து, முறுக்கி, டேப் சுற்றினேன். ஆமாம், வெறும் டேப்தான். அன்றைக்குச் சோறு இறங்கினால் போதும் என்று இருந்தது. எழுந்து உட்கார்ந்து பனி விளக்கு சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அத்தையின் குதிகால் குளோவ் பாக்ஸை இடித்தது.

"பார்க்கிங் லைட்டைப் போடுண்ணா! அது எரிஞ்சாத்தான் இது எரியும்."

போட்டேன். ரிலே 'டக்' என்றது. ஆனால் வண்டிக்குள் எதுவும் மாறவில்லை. வெளியே பானெட்டுக்கு முன்னால் நின்ற நாதஸ்வரக்காரர் மட்டும் கண்ணை மூடி, அதுவரை வாசிக்காத ஒன்றை வாசித்தார். அப்போது புரிந்தது. விளக்கோடு சேர்த்துவிட்டதால் நல்ல நேரம் விளக்கு வழியாகப் போய்விட்டது. பட்டப்பகலில் இரண்டு மஞ்சள் பட்டைகளாக அது வாசலை நோக்கி நீண்டு கிடந்தது.

"எறங்குங்க, எறங்குங்க, முன்னால போங்க" என்றார் அருமைக்காரர். அவரைத்தான் முதலில் ஜன்னலிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. பின்கதவைத் திறந்து தாரணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால், கழுத்தைப் பிடித்த கைகளோடு பூபதி பக்கவாட்டில் நடந்து வந்தான். ஒறம்பரை நாற்காலிகளை இழுத்து வழிவிட்டது. அத்தை ஒரு காலில் நொண்டிக்கொண்டு ஓடி வந்து வெளிச்சத்தில் நின்றார். நீண்ட கால் மடங்கியது. மடங்கிய காலை நீட்டிப் பார்த்தார், மறுபடி மடக்கிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

பூபதி இரண்டாவது முடிச்சைப் போட்டான். மூன்றாவதையும் போட்டான். அதன் பிறகுதான் கையை எடுத்தான். விரல்கள் மரத்துப்போய் நூலைப் பிடித்த வாக்கிலேயே இருந்தன. தாரணி அவற்றை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள். நான் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல், கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

பந்தி முடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். பனி விளக்கை அணைக்க வேண்டாம் என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டு, வண்டிக்கு முன்னால் கொஞ்ச தூரம் சும்மா நடந்து போனார். தாரணி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஜாயின்ட்ட நான் போயி சரியாப் பண்ணிக்கறேண்ணா. நீ சாப்புடு."

வண்டி திரும்பி மறைந்ததும் நான் கை கழுவுகிற குழாயடியில் நின்று நன்றாக அழுதேன். வீட்டுக்குப் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். டெஸ்ட் லேம்பை எங்கே வைத்தாய் என்று கேட்க ஆளில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுததால் யாருக்கும் கேட்டிருக்காது.

அருமைக்காரர் வந்து என் தோளைத் தொட்டார். செருப்பு மாட்டிக் கிளம்பத் தயாராக இருந்தவர், எதையோ விட்டுவிட்ட முகத்தோடு நின்றார்.

"தம்பி, அழுவறத அப்பறம் வெச்சுக்கலாம். வாசல்ல ரெண்டு பேரு நிக்கறாங்க. யாரும் கூப்புடுல."

போய்ப் பார்த்தேன். வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு கட்டியிருந்த வாழை மரங்கள். வண்டி வாசலைப் பார்த்து நின்றதால், இரண்டு விளக்கின் வெளிச்சமும் மணமக்களைத் தாண்டி நேராக இவற்றின் மேல்தான் விழுந்திருக்கிறது. மூன்றாவது முடிச்சு விழுந்த சமயத்தில் காற்றில் ஒன்றின் இலை மற்றதன் தண்டைச் சுற்றி வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. தலைக்கு மேல் வீசிய அட்சதையும் தாராளமாக விழுந்திருந்தது. மேளம், நேரம், அட்சதை, ஒறம்பரை எல்லாம் இருந்தன. அதுவும் கல்யாணம்தான், குறை சொல்ல எதுவும் இல்லை.

"வலப்பக்கம் நிக்கறது பொண்ணு" என்றார் அருமைக்காரர். "பொண்ணுக்கு அண்ணன் யாருன்னு கேக்கறாங்க."

ஒரு கணம்தான் யோசித்தேன்.

"நான்தானுங்க" என்றேன்.

கயிற்றை அவிழ்த்தோம். என் வண்டியின் பின்சீட்டை மடக்கி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். பெண்ணுக்குச் சீராக ஒரு குடமும் குத்துவிளக்கும் மண்டபத்துச் சமையற்கட்டிலிருந்து வந்தன. மாப்பிள்ளை வீடு ஆனைமலைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரை என்று சொன்னார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். தங்கையைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிற அண்ணனுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, ஆனால் இந்த முறை கூடவே போகிறேன் என்பதால் பாரம் குறைவு. மாப்பிள்ளை கொஞ்சம் உயரம், இலை கூரையில் மடங்கியது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். ஊரைத் தாண்டியதும் ஒரு கடையைப் பார்த்து, டீ சாப்பிடுகிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டேன். தனக்கு வேண்டாம், பெண்ணுக்கு மட்டும் ஒரு குடம் தண்ணீர் போதும் என்றார்.